நேர்க்கோட்டில் முள்ளங்கி

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மிக்ஸியைப் பிரித்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி, அதன் திருகாணி உருண்டு தண்ணீர் போகும் துவாரத்துக்குள் போய்ச் சேர்ந்து, வீட்டில் யார் குளித்தாலும் உரக்கப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டிய நிலை வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

“நல்லா இருக்கிற சாமான் ஒண்ணாவது இந்த வீட்டுல மிஞ்சணும். கொஞ்ச நேரம் எங்கயாவது வெளிய போயிட்டு வாங்க.”

“எங்க போறது?”

“பட்டாணியோட ஸ்கூலுக்குப் போங்க. பின்னாடி தோட்டம் போடுறாங்க. அக்கம்பக்கத்து ஆளுங்களையும் உதவிக்குக் கூப்பிட்டிருக்காங்க. போய் ஒரு ஓரமா உட்காருங்க. உட்காரத்தான் சொல்றேன், புரியுதா? குனியக் கூடாது, தூக்கக் கூடாது.”

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேலே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி, குறுக்கே இருந்த இரும்புச் சட்டத்தில் இடுப்பு போய் மோதியது. முதுகில் ஆபரேஷன் ஆனது. தையல் பிரித்தாயிற்று, நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகலாமா என்று கேட்டால் மட்டும் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பார்ப்போம்” என்பார். அந்த ஒரு வார்த்தை அவரை ஒரு இடத்தில் உட்காரவிடாமல் அடித்தது. இத்தனை வருடமாக ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்த மனிதர். படுத்தால் கால் ஆடியது. உட்கார்ந்தால் கை எதையாவது தேடியது. கைக்குக் கிடைத்ததெல்லாம் பிரிந்துபோனது.

பள்ளிக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த இடத்தைச் சுத்தம் செய்து பாத்தி கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் இரண்டு பிள்ளைகள். ஐஸ் குச்சியில் பெயர் எழுதி நட்டிருந்தார்கள்; கத்தரி என்று எழுதிய இடத்தில் தக்காளி முளைத்திருந்தது. அறிவியல் டீச்சர் பொறுப்பு. சந்துக்கு எதிர்ப்புறம் பேக்கரி வைத்திருக்கும் அம்மாள், அடுப்பு வேலை முடிந்ததும் மாவு படிந்த கையோடு வந்து களை பிடுங்குவாள். எல்லோருக்கும் அவள் பேக்கரி அக்காதான்.

மெக்கானிக் முதல் நாள் சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் ஓட்டை போட்ட பாட்டிலிலும் பெயின்ட் டப்பாவிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே கொட்டியது. மீதியில் பாதி அடுத்தவன் சட்டையில் போனது. ஒரு பாத்தி குளமாகக் கிடக்க, பக்கத்துப் பாத்தி பாளமாக வெடித்திருந்தது. தொட்டியடிக் குழாய் மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க உள்ளங்கை அரித்தது.

அவருடைய மகள் ஆறாம் வகுப்பு. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் வைத்த பெயர் பட்டாணி, வளர்ந்தும் போகவில்லை. அவளுக்கும் அவள் தோழிக்கும் முள்ளங்கிப் பாத்தி. விதையை அவள் தூவிய விதத்தில் வரிசை என்று எதையும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு பக்கம் வெறுமையாக, பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து முளைத்திருந்தது. அந்தப் பாத்தியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டப்பாவைச் சாய்த்துச் சாய்த்து, ஒவ்வொரு முளையாகத் தண்ணீர் விடுவாள். அதற்குள் மணி அடித்துவிடும்.

மறுநாள் அவர் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றினார். அதற்கு அடுத்த நாள் தொட்டிக்கு ஒரு மூடி. அப்புறம் கையை நிறுத்த முடியவில்லை. கறுப்பு ரப்பர் குழாய் வாங்கி, ஒவ்வொரு செடிக்கும் சொட்டுச் சொட்டாக விழும்படி துளை போட்டு, பாத்தி பாத்தியாக இழுத்தார். குனியக் கூடாது என்பதால் ஒரு கம்பின் நுனியில் கொக்கி மாட்டி, நின்ற நிலையிலேயே குழாயைத் தள்ளிப் பொருத்தினார். யாரோ தெருவில் போட்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து டைமரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துச் சுவரில் அறைந்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ‘டக்’ என்று சத்தம் வரும். குழாய்கள் பெருமூச்சு விடும். ஒரே நேரத்தில் எல்லாப் பாத்தியும் நனையும்.

முதல் தடவை அது ஓடியபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். செடிகளும் கிடுகிடுவென்று வளர்ந்தன. பேக்கரி அக்காகூட, “தம்பி, நீங்க இதுக்கு முன்னாடியே கீழ விழுந்திருக்கலாம்” என்றாள்.

பிறகு பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது. தோட்ட வகுப்புக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றார்கள். பையன்கள் பந்து கொண்டுவந்தார்கள். பூசணிக்கொடி ஒன்று மிதிபட்டது.

டீச்சர் தயங்கித் தயங்கி வந்தார். “சார், செடிங்க நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்களுக்குத்தான் வேலை இல்லாம போச்சு.”

“அது நல்லதுதானே டீச்சர்?”

அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக் கேட்டார். டீச்சர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே அவர் பூசணிக்குக் கம்பி வேலி போட்டார்.

டாக்டரிடம் போகும் நாள் நெருங்க நெருங்க அவருக்கு நிலைகொள்ளவில்லை. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்திலும் தோட்டத்தில் சுற்றினார். அப்படி ஒரு முற்பகலில்தான் முள்ளங்கிப் பாத்தி அவர் கண்ணில் பட்டது. மற்ற எல்லாப் பாத்தியிலும் குழாய் நேராக ஓட, இதில் மட்டும் செடிகள் கோணல்மாணலாக நின்றதால் பாதிச் செடிக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஒரு நூலைக் கட்டினார். வலியைப் பார்க்காமல் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, நூலைப் பிடித்து மறுபடி நட்டார். முடித்துவிட்டு எழுந்து பார்த்தபோது பாத்தி ராணுவ அணிவகுப்பு மாதிரி இருந்தது. அவருக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு நாளில் எல்லாம் நேர்க்கோட்டில் வதங்கிப் படுத்தன.

பட்டாணி அழவில்லை, கத்தவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “அது என் பாத்தி” என்று மட்டும் சொன்னாள்.

“தண்ணி எட்டலம்மா. அதனாலதான்.”

“நான் ஊத்திட்டுதானே இருந்தேன்?”

“நீ ஊத்துறது பாதி வழியிலேயே...”

“என் பாத்தி” என்றாள் மறுபடியும். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரத்திலிருந்து தோட்ட வகுப்பில் அவள் சுவரோரம் நிற்கிறவர்களோடு நின்றாள். அப்பா இருக்கும் பக்கம் திரும்பவில்லை.

“நீங்க அவகிட்ட பேசுங்க” என்றாள் மனைவி. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணைப் பார்த்துப் பழகியவள். “மகள் மூஞ்சி தூக்கி வச்சிருக்கிறது கிட்டப்பார்வை, தூரப்பார்வை ரெண்டுலயுமே உங்களுக்குத் தெரியலையா?”

“புது விதை வாங்கிப் போட்டுட்டா சரியாயிடும்” என்றார் அவர். வாங்கியும் வந்தார். அவளிடம் கொடுக்கத் தைரியம் வராமல் அந்தப் பொட்டலம் சட்டைப் பையிலேயே கிடந்தது.

வெயில் ஏறிய ஒரு வாரத்தில், பிரதான குழாயில் பழுது என்று அந்தப் பகுதி முழுக்கத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். காலையில் டைமர் வழக்கம்போல ‘டக்’ என்றது. தொட்டி காலி, குழாய்கள் வெறும் காற்றை ஊதிவிட்டு அடங்கின. பத்து மணிக்கே வெண்டை இலைகள் துவண்டு தொங்கின. பீர்க்கங்கொடி கசங்கிய துணியாகக் கிடந்தது. தோட்ட வகுப்பு மதியத்துக்கு முன்பு. அதுவரை காத்திருந்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பேக்கரிக்குப் பின்னால் ஆழ்குழாய் இருக்கிறது, ஆளுக்கொரு வாளி எடுத்தால் முடிந்தது. அவருக்கும் அது தெரியும். ஆனால் காத்திருப்பது என்பதுதான் அவரால் முடியாத காரியம்.

பேக்கரிக்குப் போய்ப் பெரிய வாளி நிறையப் பிடித்தார். சந்துக்கு இந்தப் பக்கம் வந்தார். பின்வாசல் படி ஏறினார். ஒன்றும் ஆகவில்லை. தனக்கே ஒரு தெம்பு வந்து இரண்டாவது தடவை இரண்டு வாளியாகத் தூக்கினார். பாத்திகளுக்கு நடுவே வந்து, ஒரு வாளியைக் கீழே வைக்கக் குனிந்தபோது முதுகுக்குள் எதுவோ நழுவியது. கால் இருந்த இடத்தில் கால் இல்லை. தண்ணீரோடு சேர்ந்து அவரும் மண்ணில் சாய்ந்தார்.

பேக்கரி அக்கா பின்கதவிலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “அசையாதீங்க தம்பி. தலையைக்கூடத் திருப்பாதீங்க.” ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வேறு ஒரு இடத்துக்குப் போயிருக்கிறது, வருகிறோம், அவரைத் தூக்க முயற்சி செய்யாதீர்கள் என்றார்கள். அவர் மல்லாந்து கிடந்தார். முதுகுக்கடியில் ஈரம். கண்ணுக்கு நேரே வெயில். கால் விரலை அசைத்துப் பார்த்தார், அசைந்தது. அதில் கொஞ்சம் மூச்சு வந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டு, ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றது.

டீச்சர்தான் முதலில் ஓடிவந்தார். நடந்ததைப் பேக்கரி அக்கா சொன்னாள். டீச்சர் பிள்ளைகளை வகுப்புக்குத் திருப்பி அனுப்ப வாயெடுத்தபோது, பட்டாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். அவள் நிழல் அவர் முகத்தில் விழுந்தது.

“வலிக்குதா?”

“இல்லம்மா.”

“பொய்.”

“கொஞ்சம்.”

அவள் பையை இறக்கி, அதிலிருந்து படம் வரையும் அட்டையை எடுத்து, வெயில் படாமல் அவர் நெற்றிக்கு மேலே பிடித்தாள். அட்டை ஆடாமல் இருக்க இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் வட்டமாக நின்று அவரையே பார்த்தார்கள். முதுகு வலியைவிட அந்தப் பார்வை அவருக்குத் தாங்கவில்லை.

“டீச்சர்,” என்றார் படுத்தபடியே, “செடியெல்லாம் காயுது.”

“இப்ப செடியா சார் முக்கியம்?”

“என்னையே பார்த்துட்டு நிக்கிறதுக்கு அது பரவாயில்லையே.”

டீச்சர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, “பேக்கரியில தண்ணி இருக்கு. வரிசையா நில்லுங்க, கைமாத்திக் கைமாத்தி அனுப்புங்க. சந்துல நானே நிக்கிறேன்” என்றார். டப்பா, பாட்டில், வாளி, சாப்பாட்டு டப்பாவின் மூடி, எது கிடைத்ததோ அது. சந்து முழுக்க ஒரு சங்கிலி நீண்டது.

அவருக்குக் கால்கள்தான் தெரிந்தன. சேறு அப்பிய செருப்புகள் அவர் காதோரமாகப் போயின. பாதி வழியில் கொட்டியது. அவர் மேலும் கொட்டியது. ஒருத்தன் கத்தரிக்கு ஊற்ற வேண்டியதைக் களைக்கு ஊற்றினான். இரண்டு பேர் சண்டை போட்டார்கள். குழாயை ஒருத்தி மிதித்து இணைப்பைப் பிய்த்துவிட்டாள். அவருக்கு உடம்பெல்லாம் துடித்தது.

“ஏய், இலை மேல ஊத்தாதே. வேர்ல ஊத்து. தம்பி, அந்தப் பாத்திக்கு இப்பத்தான் ஊத்தியாச்சு. அந்த...”

“அப்பா,” என்றாள் பட்டாணி. “பேசாம படு.”

அவர் வாயை மூடிக்கொண்டார். மூடின வாய் சும்மா இருக்க முடியாமல் பல்லை நறநறவென்று கடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, “பட்டாணி, அந்த முள்ளங்கி...” என்று ஆரம்பித்தார்.

“அதைப் பத்தி இப்ப பேசாதே.”

“தெரியாம பண்ணிட்டேன்மா.”

“தெரியாதுன்னா கேட்டிருக்கணும்.” அட்டையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள். “நான் உன் ஸ்பேனரை எடுத்தா நீ எப்படிக் கத்துவே?”

அவள் ஸ்பேனரை எடுத்து ஒரு தடவை பொம்மைக்குப் படுக்கை செய்தபோது அவர் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவரைப் பலகையில் கட்டித் தூக்கினார்கள். பட்டாணியும் கூட வருகிறேன் என்று ஏறப்போனாள். அம்மா நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்று டீச்சர் பிடித்து நிறுத்தினார். கதவு மூடும்வரை அவள் அந்த அட்டையைப் பிடித்தபடியே நின்றாள்.

மறு ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் இந்தத் தடவை டாக்டர் “பார்ப்போம்” என்று சொல்லவில்லை. படத்தை மேசையில் வைத்துவிட்டு, “நடக்கலாம், உட்காரலாம், சாதாரண மனுஷன் செய்யிற வேலையெல்லாம் செய்யலாம். லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறதை மட்டும் மறந்துடுங்க” என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சுவரைப் பார்த்தார். இத்தனை நாள் அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை கிடைத்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. அரிப்பு வேறு இடத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

பல நாள் படுக்கையில் கிடந்தார். பட்டாணி பள்ளியிலிருந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக் கேட்பார்.

“தண்ணி வந்துச்சா?”

“அன்னிக்கே வந்துடுச்சு.”

“பிய்ஞ்ச இணைப்பு?”

“எட்டாவது படிக்கிற அண்ணன் ஒருத்தன் கயித்தால கட்டிட்டான்.”

“கயித்தாலயா?” அவருக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது.

ஒரு நாள் அவளாகவே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வகுப்பில் பெரிய சண்டை நடந்ததாம். பாதிப் பேர் குழாய் இருக்கட்டும், விளையாட நேரம் கிடைக்கிறது என்றார்களாம். பாதிப் பேர் குழாயே வேண்டாம் என்றார்களாம். கடைசியில் தோட்டத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். வாசல் பக்கம் குழாய், சுவர்ப் பக்கம் கை.

“நீ எந்தப் பக்கம்?” என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

“சுவர்ப் பக்கம்.”

“செடி எது நல்லா இருக்கு?”

“உன் பக்கம்தான்” என்றாள் அவள், கொஞ்சமும் வருத்தமில்லாமல். “எங்க பக்கம் வெள்ளரி செத்துப்போச்சு.”

அவர் எதையோ சொல்ல வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். பிறகு அவளிடம் சட்டைப் பையைத் துழாவச் சொன்னார். விதைப் பொட்டலம் இரண்டு முறை துவைத்ததில் மாவாகிப்போயிருந்தது. அவள் அதைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

“பரவாயில்ல. டீச்சர் வேற குடுத்துட்டாங்க.”

கம்பெனியிலிருந்து மேற்பார்வையாளர் பழக்கூடையோடு வந்தார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். “உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டோம். அழைப்பு அறையில ஒரு இடம் இருக்கு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க பட்டனை அமுக்கினா அங்கதான் வரும். ஆளு போய்ச் சேர்ற வரைக்கும் அவங்களோட பேசிட்டு இருக்கணும். பதறாம, எதையும் தொடாம, சும்மா இருங்கன்னு சொல்லணும்.”

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். அது கூடத்துக்குக் கேட்டது. மேற்பார்வையாளர் ஒன்றும் புரியாமல் பழத்தைப் பார்த்தார். மெக்கானிக்குக் கோபம்தான் வந்தது. சும்மா இருக்கச் சொல்லும் வேலையை உலகத்தில் தனக்கா கொடுக்க வேண்டும் என்று இரண்டு நாள் புகைந்தார். மூன்றாம் நாள் சரி என்று சொல்லிவிட்டார். வீட்டில் பிரிப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

வேலையில் சேர்வதற்கு முன் ஒரு சனிக்கிழமை, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். வாசல் பக்கம் பச்சைப்பசேலென்று இருந்தது. சுவர்ப் பக்கம் பாதி வெறும் மண், பாதி களை, நடுவே அங்கங்கே தப்பிப் பிழைத்த செடிகள். அந்தப் பக்கத்தில்தான் பிள்ளைகள் கூட்டம். ஒருத்தன் மண்புழுவைப் பிடித்து ஒருத்தியைத் துரத்தினான். பேக்கரி அக்கா அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிய கைக்குள் விரல்கள் ஒன்றையொன்று திருகிக்கொண்டிருந்தன. பட்டாணி டப்பாவோடு அவரைத் தாண்டி ஓடினாள். பாதி வழியில் கொட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவருக்கு வியர்த்தது.

அழைப்பு அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு மதியம் மணி அடித்தது. ஒரு துணிக்கடைக் கட்டடம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். கதவைக் காலால் உதைக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

“சார், கதவை உதைக்காதீங்க. ஆளு கிளம்பிட்டாங்க. அப்படியே தரையில உட்காருங்க.”

“எப்ப வருவாங்கன்னு தெரியாம எப்படிங்க உட்கார முடியும்?” என்றது அந்தக் குரல். “மீட்டிங் இருக்கு. கீழ வண்டி நிக்குது. என்னால ஒரு இடத்துல இருக்க முடியாதுங்க.”

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. என்ன கோளாறாக இருக்கும், எந்தத் திருகாணியைத் தளர்த்தினால் கூண்டு இறங்கும் என்று கை காற்றில் தானாகத் திருகியது. அங்கே போக முடியாது. மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்லும்படி கம்பெனி எழுதி மேசை மேல் வைத்திருந்த பதிலைப் பார்த்தார். அது வாயில் வரவில்லை.

“உண்மையைச் சொல்லட்டுமா சார்? எனக்கும் உட்கார முடியல. நின்னுக்கிட்டேதான் உங்களோட பேசுறேன்.”

அந்தப் பக்கம் உதைக்கும் சத்தம் நின்றது. “நீங்க எதுக்கு நிக்கிறீங்க?”

“பழக்கம்.”

பிறகு அந்தக் குரல் கொஞ்சம் தணிந்து, “சரி, ஏதாவது பேசுங்க” என்றது.

அவர் பேச ஆரம்பித்தார். காதில் மாட்டியிருந்த கருவியின் வயர் எட்டும் தூரம்வரை ஜன்னல் பக்கம் நடந்தார். வயர் இழுத்ததும் திரும்பி, மேசைவரை வந்து, பேச்சை நிறுத்தாமல் மறுபடியும் ஜன்னலை நோக்கி நடந்தார்.